வீட்டுக்கு நெட் போடப் போகிறீர்களா? முதலில் வயரைப் பாருங்கள்

கோவில்பட்டிப் பக்கம் வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். அதனால் "எந்த நெட் போடலாம் டீச்சர்?" என்று தெருவில் யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். எத்தனை எம்பிபிஎஸ் வேகம் என்பதை அப்புறம் பார்க்கலாம். வீட்டுக்குள் வரப்போகும் வயர் எது என்பதைத்தான் முதலில் விசாரிக்கச் சொல்வேன்.

விளம்பரத்தில் எல்லாமே ஃபைபர்தான், அதாவது ஒளி வழியாக நெட் கொண்டுவரும் கண்ணாடி இழை. ஆனால் சில இடங்களில் தெருமுனைக் கம்பம் வரைக்கும்தான் ஃபைபர் வரும். அங்கே ஒரு பெட்டிக்குள் சுவிட்ச் வைத்து, அதிலிருந்து வீட்டுக்கு லேன் வயர் இழுத்துவிடுவார்கள். அந்தச் சுவிட்சுக்குக் கரண்ட் வேண்டும். தெருவில் கரண்ட் போய், பெட்டியில் பேட்டரியும் இல்லையென்றால், உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் ஓடினாலும் நெட் இருக்காது. ஐப்பசி இடி மின்னலில் அந்தச் செம்பு வயர் வழியாகவே ரவுட்டர் கருகிப்போவதும் உண்டு.

ஃபைபர் நேராக வீட்டுக்குள் வந்தால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. வழியில் இருக்கும் ஸ்ப்ளிட்டர் ஒளியைப் பிரித்து அனுப்புவதோடு சரி, அதற்குக் கரண்டே தேவையில்லை. கண்ணாடி இழையில் மின்சாரமும் பாயாது. ரவுட்டருக்கு ஒரு 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்கி வைத்தால் போதும், ஆபரேட்டர் பக்கம் பேக்கப் இருக்கும்வரை வகுப்பு நிற்காது. ஃபைபரில் வரும் ஒளியை நெட்டாக மாற்றிக்கொடுக்கும் பெட்டிக்கு ஓஎன்டி என்று பெயர். ஆகவே "ஓஎன்டி எங்க வீட்டுக்குள்ளேயே வருமா?" என்று தெளிவாகக் கேளுங்கள். மாட்டி முடித்ததும் மீட்டரில் ஒளி அளவைக் காட்டச் சொல்லுங்கள். டிபிஎம் என்பது ஒளியின் பலத்தைச் சொல்லும் அலகு. மைனஸ் 20 டிபிஎம் அளவில் இருந்தால் நல்லது. மைனஸ் 27-ஐ நெருங்கினால் ஒளி பலவீனம், நெட் அடிக்கடி துண்டித்துப்போகும், அப்போதே சரிசெய்யச் சொல்லிவிடுங்கள்.

வேகத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். ஒரு வீடியோ வகுப்புக்கு 4 எம்பிபிஎஸ் தாராளம். நான் பாடம் நடத்தும்போதே மாமியார் டிவியில் சீரியல் பார்ப்பார், மகன் ஏதாவது டவுன்லோடு போடுவான். இப்படி நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு 50 எம்பிபிஎஸ் போதும். ஆனால் அப்லோடு எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். நம் முகமும் குரலும் அந்தப் பக்கம் போய்ச் சேருவது அதில்தான். பழைய செம்பு டெலிபோன் லைனில் வரும் பிராட்பேண்டில் அப்லோடு 1 எம்பிபிஎஸ் தாண்டுவதே கஷ்டம். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு அது ஒத்துவராது.

ஃபைபர் வராத தெருவில் என்ன செய்வது? மாடியில் ஒரு பெட்டியை டவரைப் பார்த்து மாட்டும் 5ஜி ஏர்ஃபைபர் இருக்கிறது. குழி தோண்ட வேண்டாம், சீக்கிரம் கிடைக்கும். ஆனால் அதே டவரைத்தான் ஊரிலுள்ள போன்களும் பயன்படுத்துகின்றன. இரவு எட்டு, ஒன்பது மணிக்கு வேகம் குறையலாம். ஏற்கெனவே போட்டிருக்கும் பக்கத்து வீட்டில், அந்த நேரத்தில் போய் ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பில் விஷயத்தில் ஒன்று. 399 ரூபாய் திட்டம் என்பார்கள். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 471 ரூபாய். 'அன்லிமிடெட்' திட்டங்களிலும் பெரும்பாலும் மாதம் 3,300 ஜிபி போல ஓர் எல்லை உண்டு, சாதாரண வீட்டில் அதைத் தொடவே மாட்டோம்.

இதையெல்லாம் விட எனக்கு முக்கியம், லைன் அறுந்தால் ஏணியோடு வரும் ஆள் யார் என்பது. கம்பெனி பெயர் பெரிதாக இருந்தாலும், உங்கள் தெருவுக்கு வருபவர் உள்ளூர்க்காரர்தான். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் போனை எடுக்கிறாரா என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்று சொன்னாலும், முதலில் மாதாமாதம் கட்டுங்கள். ஒரு மழைக்காலம் போகட்டும், லைன் தாக்குப்பிடித்தால் அப்புறம் அந்தத் தள்ளுபடியை வாங்கிக்கொள்ளலாம்.