கூதிர் காலத்தில் ஒரு மாத வாசிப்பு: கொழும்பில் தொடங்குவோருக்கு

ஒக்டோபரில் ரொறன்ரோவில் இலை சிவக்கும், கொழும்பில் பின்னேரமானால் இடி இடிக்கும். ஐப்பசியையும் கார்த்திகையையும் பழந்தமிழர் கூதிர் காலம் என்றார்கள். நமக்கு இலையுதிர்காலம் இதுதான். இலங்கையில் ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதமும்கூட. மழையால் வெளியே போகமுடியாத மணித்தியாலங்கள் வாசிக்க நன்றாக வாய்க்கும், கொஞ்சம் திட்டம் போட்டுவைத்தால்.

படி 1: நேரத்தை முதலில் எழுதுங்கள்

புத்தகப் பட்டியல் பிறகு பார்க்கலாம். ஒரு கொப்பியில் உங்களுடைய சாதாரணக் கிழமை ஒன்றை எழுதுங்கள். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றபடி போகிறீர்களா? அங்கே காது மட்டும்தான் சும்மா இருக்கும், அது ஒலிநூலுக்கான நேரம். மழைப் பின்னேரம் வீட்டில் கையும் கண்ணும் ஓய்வு, அது அச்சுப் புத்தகத்துக்கு. வரிசையில் காத்திருக்கும் நேரமும் விளக்கணைத்த பிறகு வரும் நேரமும் போனில் வாசிக்க. எந்த வடிவம் உயர்ந்தது என்ற வாதம் எனக்கு வீணாகவே படுகிறது. அந்த நேரத்துக்கு எது கைகொடுக்கிறதோ அதுதான் நல்ல வடிவம்.

படி 2: உங்கள் வேகத்தை அளவிடுங்கள்

பத்து நிமிடம் இயல்பாக வாசித்து, எத்தனை பக்கம் போனது என்று பாருங்கள். 6 பக்கம் என்றால், 240 பக்க நாவலுக்கு 400 நிமிடம். நாளுக்கு அரை மணித்தியாலம் ஒதுக்கினால் இரண்டு கிழமையில் முடியும். ஆகவே முதல் மாதத்துக்கு ஒரு நாவல், ஒரு மெல்லிய சிறுகதைத் தொகுதி, ஒரு ஒலிநூல் போதும். அதற்கு மேல் ஆசைப்படவேண்டாம்.

படி 3: புத்தகங்களைத் தேடுங்கள்

அச்சுப் புத்தகத்துக்கு விகாரமகாதேவி பூங்காவுக்கு அருகிலுள்ள கொழும்புப் பொது நூலகம் இருக்கிறது. வெள்ளவத்தையில், 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்திலும் நூலகம் உண்டு. சொந்தமாக வாங்குவதென்றால், வழக்கமாக செப்டெம்பரில் நடக்கும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சியிலேயே வாங்கிவைத்துவிடுங்கள்.

மின்னூலில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் ஈழத்து நூல்களும் பழைய இதழ்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. கடைகளில் இனிக் கிடைக்கவே கிடைக்காத பல புத்தகங்களை அங்கே திறந்து வாசிக்கலாம். நம் சமூகத்துக்கு அது பெரிய கொடை. ஆனால் அவை பெரும்பாலும் ஸ்கேன் செய்த பிடிஎஃப். பக்கம் படமாக இருப்பதால் எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது. போனைக் குறுக்காகத் திருப்பி, பக்கத்தை அகலத்துக்குப் பொருத்திப் பாருங்கள், கண் தாங்கும். நீண்ட நாவலை இப்படி வாசிப்பது களைப்பு, சிறுகதையும் இதழும் சுகம். இபப் (EPUB) என்ற மின்னூல் வடிவத்தில் கிடைத்தால் அதையே எடுங்கள், எழுத்தைப் பெரிதாக்கினாலும் வரிகள் தாமாக ஒழுங்காகிவிடும். பழந்தமிழ் இலக்கியம் வேண்டுமானால் 1998 முதல் தன்னார்வலர்கள் நடத்திவரும் மதுரைத் திட்டம் என்ற இலவச மின்னூல் தொகுப்பு இருக்கிறது.

ஒலிநூலை வீட்டு வைஃபையில் இறக்கிக்கொள்ளுங்கள். 64 கேபிபிஎஸ் (kbps) ஒலித்தரத்தில் ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்டத்தட்ட 29 எம்பி போகும். கதை சொல்பவரின் குரலையும் ஐந்து நிமிடம் முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள். குரல் பிடிக்காவிட்டால் புத்தகமும் பிடிக்காது.

படி 4: கிழமைகளாகப் பிரியுங்கள்

முதல் இரண்டு கிழமை நாவல், மூன்றாவது கிழமை சிறுகதைகள். நான்காவதை வெறுமையாக விடுங்கள். தீபாவளி வரும், விருந்தினர் வருவார்கள், நாவல் இழுபடும், எல்லாவற்றுக்கும் அந்த இடம் வேண்டும். போயா விடுமுறையில் நீண்ட நேரம் உட்காரலாம். ஒலிநூல் மாதம் முழுக்கப் பயணத்தோடு ஓடட்டும். ஒரே நேரத்தில் இரண்டு நாவல் வேண்டாம், பாத்திரங்கள் குழம்பும்.

படி 5: ஈரத்திலிருந்து காப்பாற்றுங்கள்

பையில் வைக்குமுன் புத்தகத்தை ஸிப் (zip) வைத்த பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். வீட்டில் புத்தகங்களை அலுமாரிச் சுவரோடு ஒட்டவைக்காமல், காற்றுப் போக இடம் விடுங்கள். நனைந்துவிட்டால் வெயிலில் காயப்போடாதீர்கள், தாள் நெளிந்துபோகும். சில பக்கங்களுக்கு ஒருமுறை டிஷ்யூ வைத்து, ஃபேன் காற்றில் விட்டு, டிஷ்யூ ஈரமாகும்போதெல்லாம் மாற்றுங்கள். நூலகப் புத்தகமென்றால் திருப்பிக் கொடுக்கும்போது அங்குள்ளவர்களிடம் நனைந்ததைச் சொல்லிவிடுங்கள்.