மரத்தடியில் சருகைக் குவிக்காதீர்கள், பரப்புங்கள்

மாரி மழை தை மாதத்தோடு ஓய்ந்துவிட்டால் வன்னி வளவுகளில் மாவும் பலாவும் எலுமிச்சையும் கிணற்றை நம்பித்தான் நிற்கின்றன. கூட்டிய சருகை எரிக்காமல் மரத்தடிக்கு மூடாக்காகப் போட்டால் இறைத்த தண்ணீர் வீணாக ஆவியாகாது. ஆனால் பலர் அதை அடிமரத்தோடு சேர்த்துக் கோபுரம்போல் குவித்துவிடுகிறார்கள். மரத்துக்குக் கேடு அங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் வளவு எலுமிச்சை ஒன்று தண்ணீர் விட்டும் மஞ்சளித்துக்கொண்டே போனது. குவியலைக் கையால் விலக்கிப் பார்த்தேன். பட்டை ஈரத்தில் ஊறிக் கறுத்து, நகம் பட்டதும் கழன்று வந்தது. அதன்மேல் கறையான் மண் ஏறியிருந்தது. மனம் பதறிவிட்டது. வேருக்குத்தான் ஈரம் வேண்டும், பட்டைக்குக் காற்று வேண்டும்.

அடிமரத்திலிருந்து ஒரு சாண் இடைவெளி விடுங்கள். வேர் விரியத் தொடங்கும் இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அங்கிருந்து உச்சிவெயிலில் கிளை நிழல் விழும் ஓரம்வரை 2 முதல் 4 அங்குலக் கனத்தில் பரப்புங்கள். தண்ணீரை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் அடிமரத்தருகில் அதிகம் இருப்பதில்லை, பெரும்பாலும் வெளியேதான் படர்ந்திருக்கின்றன. காய்ந்த மண்ணின்மேல் போடாதீர்கள். நன்றாக இறைத்துவிட்டுப் போடுங்கள்.

வைக்கோல், பூவரசஞ்சருகு, தென்னந்தும்பு எதுவும் உதவும். எனக்குப் பிடித்தது வேலியில் வெட்டும் சீமைக்கிளுவை இலை. விரைவில் மக்கி மண்ணுக்கு நைதரசனும் தருகிறது. மக்கிக் கனம் குறையும்போது மேலே புதிதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.