சிங்கப்பூரா, ஊரா: ஒப்பிடும்போது செய்யக் கூடாத தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி சிங்கப்பூர் வேலைக் கடிதத்தோடு வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு நோட்டு. நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் ‘இந்தியா’, அந்தப் பக்கம் ‘சிங்கப்பூர்’. சம்பளம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வீடு, ஓய்வுக்காலம், பாதுகாப்பு, ரயில், தண்ணீர் என்று வரிவரியாக எழுதியிருந்தார். அந்தப் பக்கம் முழுக்க டிக். நான் கிளம்பியபோதும் இப்படித்தான் ஒரு நோட்டு வைத்திருந்தேன். டாலரை அப்படியே ரூபாயாகப் பெருக்கி மயங்கக் கூடாது என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

அந்த ஊர்க்காரரின் வாழ்க்கையை நம் கணக்கில் எழுதுவது

இது என் மூன்று வருடச் சேமிப்பைத் தின்ற தவறு. இன்னொருவர் செய்வதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

2024-இல் சிங்கப்பூர் மக்கள்தொகை சுமார் 60.4 லட்சம். அதில் 18.6 லட்சம் பேர் குடிமக்களும் இல்லை, நிரந்தரவாசிகளும் இல்லை. வேலை பாஸில் (வேலைக்கான அனுமதிச் சீட்டில்) போகிற நாம் இந்தக் கூட்டத்தில்தான் சேர்வோம். ஆனால் நாம் எடுத்துப் பார்க்கிற புள்ளிவிவரம் பெரும்பாலும் மற்றவர்களுடையது. அந்த ஆண்டின் இடைநிலை மாதச் சம்பளம் (பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் அதற்குக் கீழ்) 5,500 சிங்கப்பூர் டாலர் என்கிறார்களே, அது முழுநேர வேலையில் இருக்கும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் எடுத்த கணக்கு. முதலாளி கட்டும் மத்திய சேமநிதியும் (நம் ஊர் பி.எஃப். மாதிரி) அதற்குள் அடக்கம். 55 வயது வரை முதலாளி பங்கு 17 சதவீதம். பாஸில் இருப்பவருக்கு அந்தச் சேமநிதியே கிடையாது.

வீடும் அப்படித்தான். வீவக (அரசு வீடமைப்புக் கழகம்) அடுக்குமாடியைப் பார்த்து வீட்டு வசதிக்கு டிக் போட்டேன். எனக்குக் கிடைத்தது அதில் ஓர் அறை, ‘சமைக்கக் கூடாது’ என்ற நிபந்தனையோடு. குடும்பம் வந்ததும் முழு வீட்டு வாடகை. பையனுக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் பலதுறை மருந்தகத்துக்கு (அரசு பாலிகிளினிக்) போனோம். மேல்மாடி அக்காவும் பேத்தியோடு அதே வரிசையில் நின்றார். அவர் ரசீதில் ‘அரசாங்க மானியம்’ என்று ஒரு வரி, பெரிய தொகை கழிந்திருந்தது. என் ரசீதில் அந்த வரியே இல்லை. அரசுத் தொடக்கப்பள்ளியிலும் குடிமக்கள், நிரந்தரவாசிகளின் பிள்ளைகளுக்குப் பிறகு இடம் மிஞ்சினால்தான் நமக்கு, கட்டணமும் பல மடங்கு.

தம்பியின் நோட்டில் ‘சிங்கப்பூர்’ என்பதை அடித்துவிட்டு ‘எஸ் பாஸில் சிங்கப்பூர்’ என்று எழுதினேன். நடுத்தரத் திறன் வேலைக்காரர்களுக்கான பாஸ் அது, தம்பிக்குக் கிடைக்கப்போவதும் அதுதான். மனைவியை அழைத்துப் போகவே மாதம் குறைந்தது 6,000 டாலர் சம்பளம் வேண்டும், கடிதத்தில் அவ்வளவு இல்லை. வேலை போனால் பாஸும் போகும், சில வாரங்களில் கிளம்ப வேண்டும். அதற்கு நோட்டில் வரியே இல்லை, சேர்க்கச் சொன்னேன். அப்புறம் எண்ணிப் பார்த்தோம். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வீடு, ஓய்வுக்காலம் என்று நான்கு டிக் அழிந்தது. பாதுகாப்பு, ரயில், தண்ணீர் மூன்றும் அப்படியே நின்றன. அவை பாஸ் பார்ப்பதில்லை.

கார் இல்லையென்றால் வசதி இல்லை என்று நினைப்பது

அங்கே கார் வாங்க முதலில் உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். 10 ஆண்டுதான் செல்லும், பல சமயம் காரைவிட விலை அதிகம். நல்ல சம்பளக்காரர்களே எம்ஆர்டி என்னும் மெட்ரோ ரயிலில்தான் போகிறார்கள்.

மனித மேம்பாட்டுக் குறியீட்டின் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் வைப்பது

ஆயுள், கல்வி, வருமானத்தை வைத்து ஒவ்வொரு நாட்டுக்கும் ஐ.நா. தரும் எண் இது. 2010-இல் கணக்கிடும் முறையே மாறிவிட்டது. வேண்டாம்.

ஒரு வாரச் சுற்றுலாவை வைத்து முடிவெடுப்பது

கூடாது.

திரும்பி வந்தவரிடம் செலவுக் கணக்கு கேட்பது

என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நான் இருந்தபோது ஜிஎஸ்டி 7 சதவீதம், 2023-இல் 8, 2024-இல் 9. இப்போது அங்கே இருப்பவரிடம், உங்களுக்குக் கிடைக்கப்போகிற அதே பாஸில் இருப்பவராகப் பார்த்து, இந்த மாத வாடகை ரசீதைக் கேளுங்கள்.