வந்தியத்தேவனை வைத்து நாயகப் பயணம் பழகுவது எப்படி? (காலிக் கட்டத்தைக் கண்டு பதறாமல்)

எங்கள் வாசிப்பு வட்டத்தில் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' எடுத்தபோது, "கதாநாயகனை அந்த நாயகப் பயணச் சட்டகத்தில் வைத்துப் பேசுங்கள்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். நாயகன் ஊரை விட்டுக் கிளம்பி, சோதனைகளைக் கடந்து, மாறித் திரும்புவதைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் காட்டும் வரைபடம் அது. நானும் எக்செலில் பதினேழு கட்டம் போட்டேன். பதினேழையும் நிரப்பினேன். நாற்பது நிமிடம் பேசினேன். முடித்ததும், பின்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர், "எல்லாம் சரி தம்பி, இதில் பெயரை மட்டும் மாற்றினால் எந்த நாவலுக்கும் பேசிவிடலாமே" என்றார்.

வீட்டுக்கு வந்து அட்டவணையைத் திறந்து பார்த்தேன். உண்மைதான். வந்தியத்தேவன் என்ற இடத்தில் வேறு யார் பெயரைப் போட்டாலும் ஓடியது. மறுபடி முதலிலிருந்து செய்தேன். அந்த இரண்டாவது முயற்சியில் போன வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். கதையின் கடைசி வரை சொல்லப் போகிறேன். ஐந்து பாகத்தையும் முடிக்காதவர்கள் முடித்துவிட்டு வாருங்கள்.

கிளம்பும் முன்

ஜோசப் காம்ப்பெல் 1949-ல் இந்தச் சட்டகத்தை முன்வைத்தார். உலகத்துப் புராணங்களையும் நாட்டார் கதைகளையும் அடுக்கிப் பார்த்து, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே பயணம் ஓடுகிறது என்றார். அவர் கணக்கில் 17 கட்டங்கள், மூன்று பெரும் பகுதிகள். ஹாலிவுட்டில் திரைக்கதைகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலையில் இருந்த கிறிஸ்டோபர் வோக்ளர், பிற்பாடு அதை 12 கட்டங்களாகச் சுருக்கினார்.

எதை எடுப்பது? என்னைக் கேட்டால் முதலில் இரண்டையும் ஓரமாக வையுங்கள். கிளம்பினான், பட்டான், திரும்பினான். இந்த மூன்று சொல் போதும். பிறகு வோக்ளரின் பன்னிரண்டு. காம்ப்பெல்லின் பதினேழில் தந்தையோடு சமாதானம், தேவியைச் சந்தித்தல் என்றெல்லாம் வரும். அவை புராணத்துக்கு வெட்டிய சட்டை. நாவலுக்கு மாட்டினால் தோளில் பிடிக்கும்.

கருவி என்று பார்த்தால் கையளவு வெள்ளை அட்டைகள் ஒரு கட்டு, ஒரு பென்சில். எக்செல் வேண்டவே வேண்டாம். காலிக் கட்டத்தைத் திரையில் பார்த்தால் எதையாவது போட்டு நிரப்பத்தான் கை போகும். நான் கெட்டது அதில்தான். நாவலின் மூலம் புராஜெக்ட் மதுரை தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. காகிதப் புத்தகத்தில் படியுங்கள், கணினியில் தேடுங்கள். 'மோதிரம்' என்று தேடினால் ஒரு மோதிரம் எத்தனை கை மாறுகிறது என்று உடனே தெரிந்துவிடும்.

படி 1: யாருடைய பயணம்?

தலைப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பொன்னியின் செல்வன் என்பது அருள்மொழிவர்மன். ஆனால் ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரை மேல் வருகிறவன் வந்தியத்தேவன். சோழநாட்டை நாம் முதலில் பார்ப்பது அவன் கண் வழியாகத்தான். அருள்மொழியை நேரில் பார்க்கவே இரண்டாம் பாகம் வரை காத்திருக்க வேண்டும், அதுவும் ஈழத்தில்.

ஆகவே முதல் கட்டு அட்டை வந்தியத்தேவனுக்கு. அருள்மொழி பெயரில் ஒரே ஒரு அட்டை எழுதி ஓரமாக வையுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

படி 2: ஊர்களை எழுதுங்கள், கட்டங்களை அல்ல

கட்டங்களின் பெயரே இல்லாமல் அவன் போன இடங்களை மட்டும் வரிசையாக எழுதுங்கள். காஞ்சி, வீரநாராயண ஏரி, கடம்பூர், குடந்தை, தஞ்சை, பழையாறை, கோடிக்கரை, ஈழம், மறுபடி கோடிக்கரை, மறுபடி பழையாறை, மறுபடி கடம்பூர், மறுபடி தஞ்சை.

இந்த 'மறுபடி'களைக் கவனித்தீர்களா? முதல் தடவை கடம்பூரில் விருந்தாளியாகப் படுத்து நள்ளிரவுச் சதிக்கூட்டத்தைப் பார்க்கிறான். அடுத்த தடவை அங்கே ஒரு கொலைப்பழி காத்திருக்கிறது. முதல் தடவை தஞ்சைக் கோட்டைக்குள் ஓலையோடு போகிறான், அடுத்த தடவை பாதாளச் சிறைக்குப் போகிறான். போகும்போது ஒருவன், திரும்பும்போது வேறொருவன் என்று இந்தச் சட்டகம் சொல்வது, எந்தக் கோட்பாடும் இல்லாமல் ஊர்ப் பட்டியலிலேயே தெரிகிறது. என் முதல் முயற்சியில் இதைச் செய்யவே இல்லை.

படி 3: அழைப்பு எங்கே வந்தது?

நாயகனைப் பயணத்துக்குக் கிளப்பிவிடும் சம்பவத்தைத்தான் அழைப்பு என்கிறார்கள். நாவலில் தேடினால் கிடைக்காது. ஆதித்த கரிகாலன் காஞ்சியில் ஓலைகளைக் கொடுத்து, தஞ்சையில் சுந்தர சோழரிடம் ஒன்றும் பழையாறையில் குந்தவையிடம் ஒன்றும் சேர்க்கச் சொன்னது கதை திறப்பதற்கு முன்பே முடிந்த விஷயம். நாம் புத்தகத்தைத் திறக்கும்போது குதிரை ஓடிக்கொண்டிருக்கிறது. வோக்ளரின் முதல் கட்டமான அன்றாட உலகமும் அப்படித்தான். அவன் வாணர் குலத்து வாரிசு, முன்னோர் ஆண்ட நாடு கையை விட்டுப் போய்விட்டது. அவனுக்கு வீடென்று ஒன்று இல்லாததுதான் அவன் அன்றாடம். அட்டையில் 'கதைக்கு முன்பே' என்று எழுதி நகருங்கள்.

படி 4: மறுப்பு (நான் குப்புற விழுந்த இடம்)

அழைப்பு வந்ததும் நாயகன் தயங்க வேண்டும், மறுக்க வேண்டும் என்பது சட்டகம். வந்தியத்தேவன் எதற்காவது தயங்குவானா? கூப்பிடாத இடத்துக்கே போகிறவன்.

முதல் முயற்சியில் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஏரிக்கரையில் ஆழ்வார்க்கடியான், தன்னையும் கடம்பூர் மாளிகைக்குக் கூட்டிப்போகச் சொல்கிறான். வந்தியத்தேவன் முடியாது என்கிறான். 'அழைப்பை மறுத்தல்' என்று அதைத் தூக்கி அந்தக் கட்டத்தில் போட்டுவிட்டேன். வண்டியில் இடமில்லை என்று சொல்வதும் விதியை மறுப்பதும் ஒன்றா? எழுதும்போது எனக்கே உறுத்தியது. ஆனாலும் கட்டம் நிரம்பியதே!

இரண்டாம் முறை அந்த அட்டையை வெறுமையாக விட்டேன். இரண்டு நாள் மேசையில் கிடந்தது. மூன்றாம் நாள்தான் ஓரமாக வைத்த அருள்மொழியின் அட்டை கண்ணில் பட்டது. இந்த நாவலில் பெரிதாக மறுக்கிறவன் யார்? அவன்தானே. மக்கள் விரும்புகிறார்கள், படை விரும்புகிறது, பட்டாபிஷேகம் வரை வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் மகுடத்தை எடுத்து, சேந்தன் அமுதனாக வளர்ந்த உண்மையான மதுராந்தகன் தலையில் வைக்கிறான்.

சட்டகத்தில் மறுப்பு தொடக்கத்தில் வரும் பலவீனம். நாயகன் அதைத் தாண்டி வர வேண்டும். கல்கியிடம் அதே மறுப்பு கடைசிக்கு நகர்ந்து, கதையின் உச்சமாகிவிடுகிறது. ஐந்தாம் பாகத்துக்கு 'தியாகச் சிகரம்' என்று பெயர் வைத்தது சும்மாவா?

இந்த இடத்தில்தான் எனக்கு வேலையே பிடிபட்டது. பொருந்திய கட்டங்கள் வந்தியத்தேவனை ஆயிரம் சாகச வீரர்களில் ஒருவனாக்கின. பொருந்தாத ஒரு கட்டம் இந்த நாவலைப் பற்றிப் பேச வைத்தது. அதனால் நீங்களும் செய்யும்போது ஒவ்வொரு காலி அட்டையிலும் இரண்டு கேள்வி கேளுங்கள். இது கதையில் அடியோடு இல்லையா? இல்லை, வேறு இடத்துக்கோ வேறு ஆளுக்கோ போய்விட்டதா?

படி 5: ஆட்களுக்கு வேடம் ஒட்டுவது

வழிகாட்டி, வாயிற்காவலன் (வழியில் தடுப்பவன்), உருமாறி (நண்பனா எதிரியா என்று பிடிபடாதவன்) என்று தொல்படிமங்களின், அதாவது கதைகளில் திரும்பத் திரும்ப வரும் பாத்திர வகைகளின், பட்டியல் உண்டு. ஒரு ஆளுக்கு ஒரு வேடம் என்று ஒட்டாதீர்கள். தெருக்கூத்தில் ஒரே ஆள் இரண்டு வேடம் கட்டுவதில்லையா, அது மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். ஆழ்வார்க்கடியான் முதலில் தொல்லை, பிறகு சந்தேகம், அப்புறம் பார்த்தால் முதன்மந்திரி அநிருத்தரின் ஒற்றன்.

நந்தினி இன்னும் சுவாரசியம். நாயகனுக்கு உதவும் பொருளை வழியில் ஒருவர் தருவார் என்பது வழக்கம். கிழவியோ முனிவரோ தருவது நாட்டார் கதை வாடிக்கை. இங்கே வந்தியத்தேவனைக் கோட்டைக்குள் விடும் பனை முத்திரை மோதிரத்தைத் தருவது நந்தினி! கொடுப்பவளே எதிரி. இதற்குத் தனி அட்டை போடலாம்.

படி 6: வாசலைத் தாண்டுவது எது?

நாயகன் பழகிய உலகத்தை விட்டுப் புதிய உலகத்துக்குள் நுழையும் கட்டம் இது. கோடிக்கரை என்றுதான் நானும் எழுதியிருந்தேன். கடல், இரவு, பூங்குழலியின் படகு. பார்த்தாலே வாசல் மாதிரி இருக்கிறதே! ஆனால் பார்வைக்குப் பெரிதாக இருப்பது வேறு, திரும்ப முடியாமல் போவது வேறு. நான் வைத்துக்கொண்ட சோதனை இது: இந்த இடத்துக்குப் பிறகு அவன் நினைத்தாலும் பழைய ஆளாகத் திரும்ப முடியுமா?

தஞ்சைக்குள் போகும்போது அவன் ஓலை கொண்டுவந்த தூதன். வெளியே வரும்போது, கந்தமாறனை முதுகில் குத்தியவன் என்ற பழியோடு தேடப்படும் ஆள். உயிர் நண்பனே அப்படி நம்புகிறான். நடுவில் நிலவறைக்குள் ஒளிந்து, சுரங்க வழியாக வெளியே வருகிறான். நாயகன் இருட்டுக்குள் விழுங்கப்பட்டு வேறு ஆளாக வெளியே வருவதைக் காம்ப்பெல் 'திமிங்கிலத்தின் வயிறு' என்பார்; அந்தக் கட்டம் இதைவிடக் கச்சிதமாக எங்கே கிடைக்கும்? ஆகவே வாசல் தஞ்சைதான். கோடிக்கரையைச் 'சோதனைகள்' பக்கம் தள்ளிவிட்டேன்.

படி 7: பெருஞ்சோதனை

இதற்கும் இரண்டு வேட்பாளர்கள். இரண்டாம் பாகக் கடைசியில் இடி விழுந்து எரியும் கப்பல் ஒன்று. கடம்பூரில் ஆதித்த கரிகாலன் சாகும் இரவு இன்னொன்று.

கப்பலில் அவன் சாகக் கிடக்கிறான், அருள்மொழி வந்து காப்பாற்றுகிறான், இருவரையும் பூங்குழலி கரை சேர்க்கிறாள். பரபரப்பான இடம்தான். ஆனால் அது அவன் உடம்புக்கு வந்த ஆபத்து மட்டும். கடம்பூரில் அவன் மேல் வைத்த நம்பிக்கையே சாகிறது. கரிகாலனைக் காப்பதற்காக அனுப்பப்பட்டவன், அதே அறையில் ஒளிந்திருந்தும் காப்பாற்ற முடியவில்லை. கொன்றது யார் என்று கல்கி நமக்கும் அறுதியிட்டுச் சொல்வதில்லை. பழி மட்டும் இவன் மேல் விழுகிறது. பெருஞ்சோதனை என்றால் இதுதான் என்பது என் கட்சி. கப்பல்தான் என்று வாதாடுகிறவர்கள் உண்டு, வாதாடட்டும்.

படி 8: அமுதத்தோடு திரும்புதல்

நாயகன் எதையோ கொண்டுவந்து ஊருக்குக் கொடுக்க வேண்டும். வந்தியத்தேவன் என்ன கொண்டுவந்தான்? பழியைக்கூட அவன் தன் கையால் துடைத்துக்கொள்ளவில்லை. பெரிய பழுவேட்டரையர் பொறுப்பைத் தன் மேல் போட்டுக்கொள்கிறார்.

இங்கே ஒரு குறுக்குவழி இழுக்கும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்று குறிப்பிடுகிறது. சரி, திருமணம்தான் பரிசு என்று எழுதிவிடலாமா? கூடாது. அது வரலாறு. நாவலின் அட்டையில் நாவலுக்குள் நடப்பதை மட்டும் எழுதுங்கள்.

நான் இந்த அட்டையையும் காலியாக விட்டு, படி 4-ன் கேள்விகளைக் கேட்டேன். சோழநாடு இரண்டாகப் பிளக்காமல் தப்பியது எதனால்? அருள்மொழி மகுடத்தைக் கொடுத்ததால். அதாவது வந்தியத்தேவன் கிளம்பிய பயணத்தின் கடைசிக் கட்டத்தை வேறொருவன் முடித்து வைக்கிறான். ஐந்து பாகமும் ஓடி ஓடிக் களைத்தவன் ஒருவன், தலைப்பில் பெயர் வாங்கியவன் இன்னொருவன். ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அந்த ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். "இப்போது பெயரை மாற்றிப் பார்" என்றார். மாற்ற முடியவில்லை.

பிறகு சேர்த்தது

இதைப் படித்த இரண்டு மூன்று பேர் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டார்கள். "எல்லா அட்டையும் காலியாக இருக்கிறதே!" அப்படியென்றால் ஆள் தேர்வு தவறாக இருக்கலாம், படி 1-க்குத் திரும்புங்கள். பாதிக்கு மேல் தானாகப் பொருந்தி, இரண்டு மூன்று மட்டும் முரண்டு பிடிக்க வேண்டும். அதுதான் வேலைக்கு ஆகிற நிலை.

இன்னொரு வாசகி, பெண் பாத்திரத்துக்கு இது ஒத்துவருமா என்று கேட்டார். காம்ப்பெல்லிடம் பயின்ற மோரீன் மர்டாக், இந்தச் சட்டகம் பெண்களின் பயணத்துக்குப் போதாது என்று 1990-ல் நாயகியின் பயணம் ஒன்றைத் தனியாக வகுத்தார். அதை எடுத்துக்கொண்டு நந்தினியை முயலலாம். நான் பூங்குழலியை எடுத்திருக்கிறேன். கோடிக்கரையில் படகு ஓட்டிக்கொண்டிருந்தவள் சேந்தன் அமுதனை மணந்து கடைசியில் சோழநாட்டு அரசியாகிறாள். ஆனால் எல்லாரையும் அக்கரைக்குக் கொண்டுபோய் விடுகிற அவள், தன் பயணத்துக்கென்று எந்த இடத்தில் கிளம்பினாள்? அந்த முதல் அட்டை இன்னும் மேசையில் காலியாகத்தான் கிடக்கிறது.