ஆப்பிரிக்க மதங்களை வகுப்பில் நடத்த ஒரு வழி

மேலூர்ப் பக்கத்து அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். காலனியாதிக்கப் பாடம் வந்தால் யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்: "வெள்ளைக்காரன் போவதற்கு முன்னால் அங்கே சாமியே கிடையாதா டீச்சர்?" இதற்கு ஒரு முழுப் பீரியடை ஒதுக்குங்கள். இரண்டு வரியில் கடந்துபோகிற கேள்வி அல்ல இது.

முதலில் வரைபடத்தில் எத்தியோப்பியாவைக் காட்டுங்கள். அங்கே இருந்த பழைய அக்சும் அரசின் மன்னர் எசானா 4ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவத்தை ஏற்றவர். சகாரா வணிகப் பாதைகளில் இஸ்லாமும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பரவிவிட்டது. ஐரோப்பியர் ஆப்பிரிக்காவைப் பங்குபோட விதி வகுத்த பெர்லின் மாநாடு 1884-85இல்தான் நடந்தது.

அடுத்து நைஜீரியாவின் யோருபா மக்கள். ஒசோக்போ நகரத்தில் ஓசுன் என்ற நதித் தெய்வத்துக்கு ஒரு காடு உண்டு. 2005இல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இடையபட்டி வெள்ளிமலைக் கோவில்காட்டைப் பார்த்த எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. ஒரே யோருபா குடும்பத்தில் அண்ணன் முஸ்லிமாகவும் தங்கை கிறிஸ்தவராகவும் இருப்பது சகஜம் என்பதையும் சொல்லுங்கள். அதற்காக, காலனிக்கு முன்பு சண்டையே இருந்ததில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்றைய வடக்கு நைஜீரியாவில் இஸ்லாமிய அறிஞர் உஸ்மான் டான் ஃபோடியோ நடத்திய ஜிஹாத் பெரிய போர்.

பிறகு, காலனி அரசு என்ன செய்தது என்று ஊர் ஊராகக் கேளுங்கள். பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வடக்கு நைஜீரியாவில், மதத்தில் தலையிட மாட்டோம் என்று பிரிட்டிஷ் அதிகாரி லுகார்டு எமிர்களுக்கு, அதாவது அங்கிருந்த முஸ்லிம் ஆட்சியாளர்களுக்கு, வாக்குக் கொடுத்தார். மிஷனரிகளை அங்கே பெரும்பாலும் விடவில்லை. தெற்கில் மிஷன் பள்ளிகள் பெருக, வடக்கு ஆங்கிலக் கல்வியில் பின்தங்கியது. அந்த இடைவெளி சுதந்திரத்துக்குப் பிறகு அரசியல் பகையாக முற்றியது. இன்றைய ஜிம்பாப்வேயில் 1899இல் சூனிய ஒழிப்புச் சட்டம் வந்தது. ஒருவரைச் சூனியக்காரி என்று பழிப்பதைத் தடுத்தது நல்லதுதான். ஆனால் அதே சட்டம் குறி சொல்பவரையும் குற்றவாளி ஆக்கியது.

கடைசியில் சைமன் கிம்பாங்கு. இவருக்கு மட்டும் கால் மணி நேரமாவது கொடுங்கள். பெல்ஜியக் காங்கோவில் பாப்டிஸ்டு சபை உபதேசியார். 1921இல் இன்காம்பா கிராமத்தில் நோயாளிகளுக்காக ஜெபிக்கத் தொடங்கினார், கூட்டம் அலைமோதியது. பழைய மந்திரப் பொருள்களை எறியச் சொன்னவர், பைபிளைத்தான் போதித்தார். அதே ஆண்டில் ராணுவ நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. பெல்ஜிய மன்னர் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். 1951இல் சிறையிலேயே இறந்தார். "அவரும் கிறிஸ்தவர்தானே, பிறகு ஏன்?" என்று வகுப்பு கேட்கும். உடனே பதில் சொல்லாதீர்கள். கறுப்பர் ஒருவர் வெள்ளைப் பாதிரியாரின் அனுமதி இல்லாமல் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டினார் என்ற விடைக்கு அவர்களாகவே வந்து சேரட்டும், நிச்சயம் வருவார்கள்.

கரும்பலகையில் "காட்டுமிராண்டி", "பேய் வழிபாடு" போன்ற சொற்களை எழுதாதீர்கள். பிள்ளைகள் சொன்னால், அப்படி முதலில் அழைத்தது யார் என்று கேளுங்கள். வீட்டுப்பாடமாக ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்: கிம்பாங்கு வழக்கில் நீதிபதி கேட்டிருக்க வேண்டிய மூன்று கேள்விகள். மதிப்பெண்ணைக் கேள்விக்குப் போடுங்கள், கையெழுத்துக்குப் போடாதீர்கள்.