மின்காந்த ஆய்வில் புதியவர்கள் வழுக்கும் இடங்கள்

போன வாரம் கோலாலம்பூருக்கு வெளியே, சுங்கை பூலோ பக்கம் பயிற்சிக்கு வந்த தம்பி ஒருவன், நிலத்தடியில் தாது தேடும் மின்காந்தக் கருவியின் திரையில் சமிக்ஞை உச்சத்துக்கு எழுவதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, அகப்பட்டுருச்சு!" என்று கத்தினான். ஒரு காலத்தில் நானும் இப்படித்தான் கத்தினேன். பேட்டரி தீர்ந்தது, சுருளைக் கோணலாக வைத்தது எல்லாம் ஒரே நாளில் தானாகத் திருந்தும், அவற்றை விடுகிறேன்.

உச்சம் வந்தால் தாதுவா?

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். அனுப்பும் சுருளின் மாறும் காந்தப்புலம் நிலத்தடியில் மின்கடத்தும் எதிலும் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டும். அந்த ஓட்டம் எழுப்பும் இரண்டாம் புலத்தைத்தான் வாங்கும் சுருள் பிடிக்கிறது. எவ்வளவு நன்றாகக் கடத்துகிறது, எவ்வளவு பெரியது என்று அதிலிருந்து ஊகிக்கலாம். பொருளின் பெயரை எப்படிப் படிப்பது?

நான் படித்தேன்! மின்னோட்டத்தை நிறுத்திய பிறகும் சமிக்ஞை மெதுவாகத் தேய்ந்தது. நல்ல கடத்தி, சரி. செம்புச் சல்ஃபைடு என்று எழுதிக் கொடுத்தேன். துளையிட்டு எடுத்த பாறைத் தண்டைத் தொட்டால் பென்சில் சீவியதுபோல் விரலெல்லாம் கறுப்பு. கிராஃபைட். முதலாளி ஒன்றும் பேசாமல் கையைத் துடைத்துக்கொண்டார். துளையிடச் செலவான பணம் போனதுதான்.

மின்காந்தக் கருவிக்குக் கிராஃபைட்டும் சல்ஃபைடும் ஏறக்குறைய ஒன்று. எடையில் மாட்டிக்கொள்ளும்: கிராஃபைட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.2 கிராம், செம்புச் சல்ஃபைடான சால்கோபைரைட் 4.2. அதே கோட்டில் ஈர்ப்பு அளவீடும் எடுத்திருந்தால் நான் கொஞ்சம் யோசித்திருப்பேன். காந்தத்தன்மை உள்ள பிர்ரோடைட் என்ற இரும்புச் சல்ஃபைடு கலந்திருந்தால் காந்தமானியும் காட்டிக்கொடுக்கும்.

மறுபக்கமும் உண்டு. சுங்கை பீசியின் ஈய லம்பங்களில் (வெள்ளீயச் சுரங்கங்களில்) தோண்டி எடுத்த காசிட்டரைட் என்ற வெள்ளீயத் தாது மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. துத்தநாகத் தாதுவான ஸ்ஃபாலரைட்டும் அப்படித்தான். உச்சம் இல்லையே என்று தாதுவும் இல்லை என எழுதிவிடாதீர்கள்.

ஆழக் கணக்கு

1000 ஹெர்ட்ஸில், மின்தடைத்திறன் 100 ஓம்-மீட்டர் உள்ள பாறைக்குள் சுமார் 160 மீட்டர் போவதற்குள் புலம் 37 விழுக்காடாகக் குறைந்துவிடும். 10 ஓம்-மீட்டர் ஈரக் களிமண்ணில் அதற்கு 50 மீட்டரே போதும். நம் ஊரில் பாறை மக்கிக் களிமண்ணாகக் கிடக்கிறது. பாலைவனத்து அட்டவணையை வைத்து ஆழம் சொல்லாதீர்கள்.

50 ஹெர்ட்ஸ்

மின்கம்பி தெரிகிறதா? அதன் 50 ஹெர்ட்ஸ் புலம் அளவீட்டைக் குழப்பும். நகருங்கள்.

வேலி

கம்பி வேலியும் மின்சாரம் கடத்தும். வேலி திரும்பும் இடத்தில் 'தாதுவும்' திரும்பினால் பேனாவை மூடுங்கள்.

அந்தத் தம்பியின் உச்சத்தையும் போய்ப் பார்த்தோம். லாலாங் புல்லை விலக்கியதும், துருப்பிடித்த இரும்புக் குழாய் ஒன்று நீளமாகக் கிடந்தது.