எல்லைக் கோபத்தை மனுவாக எழுதும் முறை

தேவகோட்டையில் மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் பென்ஷன் என்று வந்துகொண்டிருந்தவர்கள் இப்போது நாட்டு எல்லையையும் என் மேசைக்குக் கொண்டுவருகிறார்கள். "அண்ணே, எவன் வேணும்னாலும் உள்ள வந்துர்றான், டெல்லியில என்னதான் பண்றாங்க? காரமா ஒண்ணு எழுதுங்க" என்கிறார்கள். கோபம் நியாயம்தான். தேர்தல் வந்தால் ஊடுருவல் என்று முழங்குகிறார்கள், ஓட்டு எண்ணி முடிந்ததும் மூச்சு விடுவதில்லை. எனக்கும் அந்த எரிச்சல் உண்டு. ஆனால் காரமான மனுவுக்கு, "தங்கள் மனு உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று ஒற்றை வரிதான் வரும். அதனால் புகாராக எழுதாமல், அரசுக் கோப்பில் இருப்பதைக் கேட்டு வாங்கும் தகவல் உரிமைச் சட்ட மனுவாக எழுதச் சொல்கிறேன்.

முதலில் விலாசத்தைச் சரி செய்யுங்கள். திங்கட்கிழமை சிவகங்கை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் இதைக் கொடுத்தால் பஸ் செலவுதான் மிச்சம். வெளிநாட்டார் உள்ளே வருவது, அவர்களை வெளியேற்றுவது, பாஸ்போர்ட், விசா எல்லாமே அரசியல் சட்டப்படி மத்திய அரசின் பட்டியல். பெறுநர் இடத்தில் 'பொதுத் தகவல் அலுவலர், எல்லை மேலாண்மைத் துறை, உள்துறை அமைச்சகம், புது டெல்லி' என்று போடுங்கள். எல்லைப் பாதுகாப்புப் படைக்கு நேராக எழுத வேண்டாம். தகவல் உரிமைச் சட்டம் 24-ஆம் பிரிவில் அந்தப் படைக்கு விலக்கு இருக்கிறது. ஊழல், மனித உரிமை மீறல் பற்றிக் கேட்டால்தான் பதில் சொல்லக் கடமை.

அடுத்தது கேள்வி. இங்கேதான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். "ஏன் ஒழுங்காகக் காவல் காக்கவில்லை?" என்பதற்கு எந்தக் கோப்பிலும் பதில் இருக்காது. கோப்பில் இருப்பதைத்தான் சட்டம் எடுத்துத் தரும். எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ரூபாய், எந்தத் தேதி என்று கேளுங்கள்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் பர்மா (இன்றைய மியான்மர்) எல்லையிலிருந்து தொடங்கச் சொல்வேன். வீட்டுத் தூண் பர்மா தேக்கு, தாத்தா வட்டிக்கடை வைத்தது ரங்கூன் என்று பேசுகிறவர்கள்தானே. (1964-இல் அங்கே கடைகளை அரசுடமையாக்கியபோது நம்மவர்கள்தான் அந்நியர்கள். அது வேறு கதை.) அந்த எல்லை 1,643 கிலோமீட்டர். இரு பக்கத்து மலைவாசிகளும் விசா இல்லாமல் போய்வரும் ஏற்பாட்டை ரத்து செய்வதாக 2024 பிப்ரவரியில் அறிவித்தார்கள், வேலி போடுவதாகவும் சொன்னார்கள். ஆகவே இப்படி எழுதுங்கள்:

"இந்திய - மியான்மர் எல்லையில் கடந்த மார்ச் 31 வரை வேலி அமைத்து முடித்த தூரம் எவ்வளவு? அதற்கு ஒதுக்கிய தொகை, செலவான தொகை ஆகியவற்றை ஆண்டுவாரியாகத் தருக."

வங்கதேச எல்லை 4,096 கிலோமீட்டர். அங்கே பழி சுமத்துவதே பாதி வேலை. நிலம் கொடுக்கவில்லை என்று மாநிலத்தை மத்திய அரசு கை காட்டும். எல்லைக் காவல் உன் வேலை என்று மாநிலம் திருப்பிக் காட்டும். அந்த இரண்டு கைக்கும் நடுவில் கேள்வியை வையுங்கள். வேலிக்காக மேற்கு வங்க அரசிடம் எவ்வளவு நிலம், எந்தத் தேதியில் கேட்டீர்கள், கைக்கு வந்தது எவ்வளவு? யார் தூங்கினார்கள் என்று தேதியே சொல்லிவிடும். எந்த இடத்தில் எத்தனை காவலர் நிற்கிறார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். நாட்டின் பாதுகாப்பு என்று 8-ஆம் பிரிவைக் காட்டி அந்தக் கேள்வியைத் தள்ளிவிடுவார்கள்.

மனுவிலிருந்து நான் கையோடு அடித்து நீக்கிவிடும் வரி ஒன்று உண்டு. "காரைக்குடியில் வேலை பார்க்கும் பெங்காலிக்காரன் எல்லாம் பங்களாதேஷ்காரன்." முர்ஷிதாபாத்தும் மால்டாவும் இந்தியாவில்தான் இருக்கின்றன. பழைய வீட்டுக்குப் பூச்சு வேலைக்கு வந்தவன் பேசும் பாஷையை வைத்து நாட்டை முடிவு செய்ய முடியாது. 2023 மார்ச்சில் வடமாநிலத்தவரை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவி, அவர்கள் மூட்டை கட்டியதையும் பார்த்தோம். குறிப்பிட்ட ஒருவர் மேல் உண்மையாகவே சந்தேகம் இருந்தால், கண்ணால் பார்த்ததை மட்டும் தனித்தாளில் எழுதிப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்து ரசீது வாங்குங்கள். கானாடுகாத்தானில் ஹோட்டலாக மாற்றிய வீடுகளில் வெள்ளைக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டவரைத் தங்க வைக்கும் எவருக்கும் அந்த விதி உண்டு. அதை மீறினால் அதுவும் புகார் கொடுக்கத் தக்கதே.

மனு 500 வார்த்தைக்குள் இருக்கட்டும். தமிழில் எழுதலாம், சட்டம் அனுமதிக்கிறது. 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரை அமைச்சகத்தின் கணக்கு அலுவலர் பேருக்கு எடுத்து இணையுங்கள். அதன் எண்ணையும் மனுவில் எழுதிவிடுங்கள். பதிவுத் தபால் இப்போது தனியாகக் கிடையாது, ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் மழுப்பலாக இருந்தாலும், அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் இல்லை. அதற்கும் மசியவில்லை என்றால் 90 நாளுக்குள் மத்திய தகவல் ஆணையம்.

பதில் கைக்கு வந்ததும் நகல் எடுத்து எம்.பி. அலுவலகத்தில் கொடுங்கள். திருமயம், ஆலங்குடிக்காரர்களுக்கு மாவட்டம் புதுக்கோட்டையானாலும் எம்.பி. சிவகங்கைதான். மக்களவையில் கேள்வி கேட்க 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும், அதனால் கூட்டத்தொடர் தொடங்கும் முன்பே போய்விடுங்கள். எம்.பி. எந்தக் கட்சி என்று பார்க்காதீர்கள். கேள்வியை அப்படியே டைப் அடித்துக் கொண்டுபோனால் உதவியாளருக்கும் வேலை மிச்சம்.